கைராசி சிஸ்டரின் ஐந்து விரல்கள்

பச்சிளங்குழந்தை வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டவர்கள், "உங்க கைராசியப் பத்திச் சொல்லுங்க சிஸ்டர், புள்ளைங்களுக்கு ஒரு உற்சாகமா இருக்கும்" என்றார்கள். சொல்கிறேன். கேட்டு முடித்த பிறகு ஏன் கூப்பிட்டோம் என்று அவர்கள் தலையில் கைவைத்தால் நான் பொறுப்பில்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இனிமேல் எனக்கு யாரும் மெமோ கொடுக்க முடியாது.

முதலில் அந்தக் கைராசி எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பிறந்து ஒரு நாள் ஆன குழந்தையின் மணிக்கட்டில் நரம்பு தையல் நூல் அளவுக்குத்தான் இருக்கும். அதில் ஊசியை ஏற்ற நான்கு முறை, ஐந்து முறை குத்துகிறவர்கள் உண்டு. நான் ஒரே குத்தில் ஏற்றிவிடுவேன். மற்ற வார்டுகளிலிருந்தும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வெளியே உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள், "அந்தக் கைராசி சிஸ்டர் இருந்தா அவங்களையே போடச் சொல்லுங்க" என்று கேட்பார்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று வாய் சொல்லும். மனசு ஜில்லென்று குளிர்ந்துபோகும்.

வேகத்துக்கு ஒரு வழி வைத்திருந்தேன். காலையில் டியூட்டிக்கு வந்ததும், பிளாஸ்டர் சுருளை எடுத்து விரல் நீளத்துக்குத் துண்டு துண்டாகக் கிழித்து, டிராலியின் ஓரக் கம்பியில் வரிசையாக ஒட்டித் தொங்கவிடுவேன். நரம்பில் ஊசி ஏறியதும் ஒரு கை குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்திருக்கும். இன்னொரு கை கம்பியிலிருந்து ஒரு துண்டை உரித்து ஒட்டிவிடும். கத்தரிக்கோல் தேடுவது, பல்லால் கிழிப்பது எதுவும் கிடையாது. பௌர்ணமி வந்தால் இரண்டு வரிசை. நம் ஊரில் பௌர்ணமி என்றால் உங்களுக்கே தெரியும். பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், கிரிவலக் கூட்டத்துக்குள் புகுந்து நடந்து வரும் நம் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகத் தாமதமாக வந்து சேருவார்கள். அதுவரை வார்டு முழுக்க ஒருத்தியோ இரண்டு பேரோ சமாளிக்க வேண்டும். எனக்குக் கீழே வேலை கற்றுக்கொண்ட அத்தனை பேருக்கும் இந்தத் தோரணம் கட்டும் வித்தையை நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இப்போது மேகலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெண். பட்டப்படிப்பு முடித்து, வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் கணினி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் சொந்தமாக ஒரு வேன் ஓட்டினார். முதல் குழந்தை, பெண். பிறந்தவுடன் மூச்சு கொஞ்சம் வேகமாக இருந்ததால் நான்கு நாள் எங்கள் வார்டில் வைத்திருந்தோம். இடது மணிக்கட்டில் ஊசி ஏற்றியது நான்தான், ஒரே குத்து. நல்லபடியாக வீட்டுக்குப் போனார்கள்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் சீழ் வைத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள். இடது மணிக்கட்டில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம், தொட்டாலே குழந்தை வீறிட்டது. அந்த மணிக்கட்டில் ஒரு வசம்பு வளையல். கருப்புக் கயிற்றில் வசம்புத் துண்டுகளைக் கோத்து, பால் வாடை படிந்து, பிசுபிசுவென்று இருந்தது. வீக்கம் சரியாக அதன் அடியில்.

எனக்கு வந்ததே கோபம். கத்தரிக்கோலை எடுத்தேன், வளையலை வெட்டினேன், குப்பைத் தொட்டியில் போட்டேன். வார்டில் ஏழெட்டு அம்மாக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவுக்கு வெளியே மேகலாவின் நாத்தனார் நின்றிருந்தார்.

"படிச்ச பொண்ணுதானே நீ? இந்த அழுக்குக் கவுத்தக் கட்டி வெச்சுட்டு, கொழந்தைக்கு சீழ் வெச்சிருச்சுனு தூக்கினு வர்றே. வீட்ல இன்னா சுத்தம் பாக்கறீங்க?"

"அது வந்து சிஸ்டர், வீட்ல எல்லாரும் சேந்து..."

"வீட்ல கிணத்துல குதிக்கச் சொன்னா குதிப்பியா?"

அவள் அழுதாள். எனக்கு அன்றைக்குப் பாவமாகக்கூட இல்லை. பாடம் புகட்டியதாக நினைத்துக்கொண்டேன். வெளியே நாத்தனார் யாரிடமோ போனில், "எல்லாம் இவ லட்சணம். சிஸ்டரே சொல்லிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அதையும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

அப்போது எங்களுக்கு இருந்த டாக்டர் அவசரப்படாத மனுஷர். வீக்கத்திலிருந்து சொட்டுச் சீழையும் கொஞ்சம் ரத்தத்தையும் எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, வழக்கமாகக் கொடுக்கும் மருந்தை ஊசி வழியாக ஆரம்பித்தார். குழந்தையின் அப்பாவுக்கு அது போதவில்லை.

"இருக்கறதுலயே பெரிய மருந்தாப் போட்டுடுங்க சார். டோஸ் ஜாஸ்தியானாலும் பரவாயில்ல."

"எந்தக் கிருமினு தெரியாம எடுத்த எடுப்புல பெரிய மருந்தப் போட்டுப் பழகினா, அப்புறம் அதுக்கும் அடங்காத கிருமி வரும்போது என் கையில ஒண்ணும் இருக்காதுங்க. ரெண்டு நாள்ல ரிசல்ட் வந்துரும். அதுக்குள்ள கொழந்த கொஞ்சம் டல்லாத் தெரிஞ்சாலும் உடனே மாத்திடறேன்."

பிறகு என்னிடம் திரும்பி, "பால் குடிக்கிறதப் பாத்துனே இருங்க சிஸ்டர். அதான் முதல்ல சொல்லும்" என்றார். இந்த வாக்கியத்தை நீங்கள் எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதி வைக்கவில்லை.

இங்கே கொஞ்சம் வழி மாறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கு அடங்காத கிருமி என்றால் ஏதோ வெளிநாட்டிலிருந்து இறங்கியது என்று நினைக்கிறோம். அதை வளர்த்ததில் நமக்கும் பங்கு இருக்கிறது. சளிக்கு ஒரு கோர்ஸ், வேர்க்குருவுக்கு ஒரு கோர்ஸ், மூத்த பிள்ளைக்கு வாங்கியதில் பாட்டிலில் மிச்சம் இருந்தது என்று இளையதுக்கு இரண்டு வேளை. வீடுகளில் இது நடக்கிறது. வார்டில் நாம் மட்டும் என்ன? "எதுக்கும் இருக்கட்டும்" என்று சொல்லிப் போட்ட மருந்துகளைக் கணக்கெடுத்தால் நமக்கே வெட்கமாக இருக்கும். சாகிற கிருமிகள் செத்துப்போகும். சாகாதவை நம் வார்டிலேயே குடித்தனம் நடத்தும். நம் கைகளில் ஏறித்தான் அவை ஒரு தொட்டிலிலிருந்து இன்னொரு தொட்டிலுக்குப் போகும்.

மூன்றாம் நாள் பௌர்ணமி.

காலை டியூட்டியில் நானும் இன்னொரு சிஸ்டரும் மட்டும்தான். டிராலியில் இரண்டு வரிசைத் தோரணம் தொங்கவிட்டு ஓடிக்கொண்டிருந்தேன். மேகலா வந்தாள்.

"சிஸ்டர், பாப்பா வாய் வெச்சதும் உட்டுடறா. ரெண்டு இழுப்பு கூட இழுக்கல."

"ஊசி போட்டிருக்கு இல்ல? ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும். நீ ஒழுங்கா மடியில வெச்சுக் குடு."

பதினோரு மணிக்கு மறுபடியும் வந்தாள். "அழவும் மாட்டேங்கறா சிஸ்டர். தூங்கினே இருக்கா." அழாத குழந்தையை நினைத்துச் சந்தோஷப்படு என்று சொல்லி அனுப்பினேன். அப்படிச் சொன்னதை இன்று உங்கள் முன்னால் சொல்லவே நாக்கு கூசுகிறது. வேறு எந்த அம்மா வந்து சொல்லியிருந்தாலும் எட்டியாவது பார்த்திருப்பேன். இவளை அழுக்குக்காரி, பொறுப்பில்லாதவள் என்று முடிவு கட்டியிருந்தேன். ஒருத்திமேல் பழியைப் போட்டாயிற்று என்றால் அப்புறம் அவள் சொல்லும் எதுவும் நம் காதில் ஏறுவதில்லை.

மதியம் இரண்டு மணிவாக்கில் அவள் என் டிராலிக்கு முன்னால் வந்து குறுக்கே நின்றாள். அழுகை இல்லை. "நீங்க என்னை இன்னா வேணா திட்டுங்க. வந்து பாத்துட்டுத் திட்டுங்க" என்றாள்.

போய்ப் பார்த்தேன். குழந்தை சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. பாதங்கள் சில்லிட்டிருந்தன. மணிக்கட்டில் தொடங்கிய சிவப்பு முழங்கைவரை ஏறியிருந்தது.

சாப்பிட வீட்டுக்குப் போயிருந்த டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் வண்டியைத் தெருவிலேயே விட்டுவிட்டு, கூட்டத்துக்குள் நடந்தே வந்து சேர்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவர் படியேறும்போதே பரிசோதனைக் கூடத்துப் பெண்ணும் கையில் தாளோடு மூச்சிரைக்க வந்தாள். வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத கிருமி, நாங்கள் இரண்டு நாளாக ஏற்றிக்கொண்டிருந்த மருந்து அதன்மேல் தண்ணீர் தெளித்த மாதிரிதான். பெரிய ஊருக்கு அனுப்பலாமா என்று டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். சாலைகள் இருக்கும் நிலையில் ஆம்புலன்ஸ் ஊரைத் தாண்டவே நேரமாகும்.

"முதல்ல சீழ எடுத்துடுவோம். உள்ள சீழ் இருக்கற வரைக்கும் எந்த மருந்தும் வேலைக்காவாது. மருந்து ஒரு டோஸ் ஏறட்டும். அப்புறமும் தேறலைனா எப்பாடு பட்டாவது அனுப்பிடலாம்."

தேவையான மருந்து எங்களிடம் கைவசம் இல்லை. ஊரின் மறுபக்கத்தில் ஒரு கடையில் இருப்பதாகப் போனில் சொன்னார்கள். குழந்தையின் அப்பா ஓடினார். ஊரே மலையை வலமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது அந்த மனுஷன் அத்தனை பேரையும் இடித்துக்கொண்டு எதிர்த்திசையில் போய், மருந்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக் கையால் பொத்திக்கொண்டு திரும்பி வந்தார். அதற்குள் டாக்டர் வீக்கத்தைக் கீறிச் சீழை வெளியேற்றியிருந்தார். நான் வலது கையில் புதிதாக ஊசி ஏற்றினேன். அன்றும் ஒரே குத்து. டிராலிக் கம்பியிலிருந்து ஒரு துண்டை உரித்து அதன்மேல் ஒட்டினேன்.

மாலைக்குள் பாதத்தில் சூடு திரும்பியது. வேறு ஊருக்கு அனுப்ப வேண்டிய தேவை வரவில்லை. இரண்டு நாள் கழித்துக் குழந்தை மார்பில் வாய் வைத்து, சத்தம் கேட்கிற அளவுக்கு இழுத்துக் குடித்தது. மேகலா யாரையும் பார்க்காமல் குனிந்து குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கழிவறைக்குள் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அதே வாரத்தில் வார்டில் இன்னும் இரண்டு குழந்தைகளுக்குக் கொப்புளம் வந்தது. இருவர் கையிலும் வசம்பு வளையல் கிடையாது. அதில் ஒரு குழந்தை பிறந்ததிலிருந்து வீட்டுக்கே போகவில்லை.

பரிசோதனைக் கூடத்துப் பெண் என்னைத் தேடி வந்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. தொட்டில், குழாய், தராசு, டிராலி எல்லாத்துலயும் துடைச்சு எடுத்துக்கறேன். அப்புறம் எல்லாரோட விரலும் வேணும்."

"என் விரலுமா? நான் எவ்ளோ வருஷமா இந்த வார்டுல இருக்கேன் தெரியுமா?"

"தெரியும் சிஸ்டர். அதான் உங்களோடது கண்டிப்பா வேணும்."

கிருமி வளர்க்கும் சின்ன வட்டத் தட்டு ஒன்றை நீட்டினாள். தோரணம் கட்டிவிட்டு அப்போதுதான் நிமிர்ந்திருந்தேன். எரிச்சலோடு ஐந்து விரல் நுனிகளையும் அழுத்திக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அந்தத் தட்டை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். நான் விரல் பதித்த ஐந்து இடத்திலும் அச்சு அசலாக ஐந்து வட்டங்கள் வளர்ந்திருந்தன. கட்டைவிரல் வட்டம் மட்டும் கொஞ்சம் பெரியதாகத் தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு தட்டு. டிராலிக் கம்பியில் தொங்கிய பிளாஸ்டர் துண்டை அதன்மேல் ஒட்டி எடுத்திருக்கிறாள். துண்டின் நீள அகலத்துக்கு ஒரு பட்டை வளர்ந்திருந்தது.

"அந்தக் கம்பியப் புடிச்சுத்தானே சிஸ்டர் எல்லாரும் டிராலியத் தள்றோம்?" என்றாள். "காலையிலருந்து எல்லார் கையும் படற எடத்துல பிசின் ஒட்டினு இருக்கு. அத உரிச்சு, ஊசி குத்தின புண்ணு மேல ஒட்டறோம். எடுக்கும்போது மேல்தோலும் சேந்து வருது. இதுலருந்துதான் அந்தப் பாப்பாவுக்குப் போச்சுனு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அதே கிருமி. அதே மருந்துக்குத்தான் அடங்குது."

மேகலாவின் குழந்தைக்கு முதல் முறை நான் ஊசி ஏற்றிய இடம் எது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? இடது மணிக்கட்டு. வசம்பு வளையலை வீட்டுக்குப் போன பிறகுதான் கட்டியிருக்கிறார்கள். அதற்கு முன் நான்கு நாள் அந்த இடத்தில் இருந்தது என் பிளாஸ்டர்.

வசம்பு வளையல் ரொம்ப நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஈரமாகக் கிடந்தால் அதுவும் தோலைப் புண்ணாக்கும், சூப்புகிற குழந்தைக்குத் தொண்டையிலும் சிக்கும். அன்று அதைக் கழற்றியது சரி. அதை ஒரு துளி துடைத்துப் பரிசோதனைக்கு அனுப்பாமல் குப்பையில் போட்டுவிட்டுத் தீர்ப்பு சொன்னதுதான் தப்பு. அந்தக் கயிற்றில் இருந்ததா இல்லையா என்று இனி எவருக்கும் தெரியாது.

டாக்டர் தட்டுகளைப் பார்த்தார். "அந்தம்மா கிட்ட நான் சொல்லிடறேன் சிஸ்டர்" என்றார். சரி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அடித்துச் சொல்ல முடியாது என்று பரிசோதனைக் கூடத்துப் பெண்ணே சொல்லிவிட்டாளே, அந்தச் சந்துக்குள் புகுந்து தப்பித்துவிடலாம் என்றும் தோன்றியது. அன்று இரவு முழுக்க வெட்டிய கயிறுதான் கண்ணில் நின்றது. மறுநாள், வேண்டாம் சார், கயிற்றை வெட்டியவளே சொல்லட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மேகலா வீட்டுக்குக் கிளம்பத் துணிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தோரணம், கம்பி, என் விரல், வளர்ந்த தட்டு. பால் குடிக்கவில்லை என்று அவள் இரண்டு முறை வந்து சொல்லியும் நான் போகாததையும் சொன்னேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"வீட்ல ஒருத்தரும் எங்கூடப் பேசறதில்ல சிஸ்டர்" என்றாள் கடைசியில். "பாப்பாவ எங்கிட்ட குடுக்காம அவங்களே வளக்கறதா பேசினு இருக்காங்க. நான் அழுக்குனு."

"என்னை மன்னிச்சுடும்மா."

"எங்கிட்ட சொன்னது இருக்கட்டும். எங்க நாத்தனார் பாப்பாவ வெச்சினு வெளிய உக்காந்துனு இருக்காங்க. எல்லார் எதிர்லயும்தானே திட்டினீங்க? அதே மாதிரி வந்து சொல்லுங்க."

வார்டுக் கதவுக்கும் வராண்டா பெஞ்சுக்கும் இருபது அடிகூட இருக்காது. என் சர்வீஸிலேயே அவ்வளவு தூரம் நான் நடந்ததில்லை. வராண்டா நிறையச் சொந்தக்காரர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு நான் கைராசி சிஸ்டர். நாத்தனார் குழந்தையோடு எழுந்து நின்றார்.

"இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லைங்க. சீழ் வெச்சது எங்க வார்டுலருந்து வந்த கிருமி. என் கையிலயே அது இருந்துச்சு. கொழந்த பால் குடிக்கலனு முதல்ல கண்டுபுடிச்சது இவதான். நான் கேக்கல. இவ மூணாவது தடவ வந்து மறிச்சதாலதான் இன்னிக்குக் கொழந்த உங்க கையில இருக்கு."

நாத்தனார் என்னையும் மேகலாவையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாங்க சிஸ்டர், நீங்களே இப்படி சொல்றீங்க" என்றார். பிறகு தன் கையிலிருந்த குழந்தையை மேகலாவிடம் கொடுத்துவிட்டு, பையைத் தான் தூக்கிக்கொண்டார்.

அவர்கள் கிளம்பும்போது மேகலாவிடம் ஒன்று சொன்னேன். "இனிமே உன் கொழந்தைய யார் தொட வந்தாலும், கை கழுவினீங்களானு கேளு. டாக்டரா இருந்தாலும் கேளு." தலையாட்டினாள்.

அன்றே தோரணத்தைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். நான் பழக்கிவிட்ட பெண்கள் ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு, நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று சொன்னேன். ஒரு குழந்தைக்கு ஒரு சுருள், அந்த நேரத்தில் வெட்டு, கை கழுவிய பிறகு தொடு. என் வேகம் பாதியாகக் குறைந்தது. கைராசிப் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மியானது.

சில மாதங்கள் கழித்துத் தடுப்பூசி போடும் நாள், அன்று எனக்கு அங்கேதான் டியூட்டி. அறை நிறையக் கூட்டம், வரிசை வாசல்வரை நின்றது. மேகலா குழந்தையோடு வந்தாள். பாப்பா கொழுகொழுவென்று இருந்தது, இடது மணிக்கட்டில் அரிசி அளவுக்கு ஒரு தழும்பு. எனக்கு இருந்த சந்தோஷத்தில் இரண்டு கைகளையும் நீட்டினேன். அவள் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் போனாள்.

"கை கழுவினீங்களா சிஸ்டர்?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முந்தின குழந்தைக்கு ஊசி போட்டுவிட்டு, நான் கழுவியிருக்கவில்லை.

"இல்லம்மா" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனேன். நான் கழுவி முடிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஈரம் காய்ந்த பிறகுதான் குழந்தையைக் கொடுத்தாள்.